வெளிநாட்டு முதலீடும் எங்க ஷெட்டு திருஷ்டியும்

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஷெட்டு வாசல்ல தொங்கின பிஞ்ச செருப்பைக் கழட்டணும்.

அவ்ளோதான். ரெண்டு நிமிஷ வேலை.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் போற ரோட்டுல நான் அட்டைப்பெட்டி ஷெட்டு வெச்சிருக்கேன். ஸ்வீட் கடைக்கும் பேக்கரிக்கும் பெட்டி பண்றோம். ஒம்பது பேர் வேலை செய்யறாங்க. கொஞ்ச மாசமா ஆர்டர் கம்மி. வாரத்துல மூணு நாள்தான் மெஷின் ஓடுது, மீதி நாள் எல்லாரும் வூட்டுல. அவங்க முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

அப்பதான் தொழில் துறை ஆபீசர் போன் பண்ணார்.

"மேடம், நம்ம பக்கம் வெளிநாட்டு ஷூ கம்பெனி வருதுல்ல? ஷூவுக்குப் பெட்டி வேணுமாம். இந்த ஊர்லயே வாங்குங்கன்னு சொல்லியிருக்கோம். வியாழக்கிழமை உங்க ஷெட்டைப் பார்க்க வராங்க."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

புதன்கிழமையே அவர் ஒரு ரவுண்டு வந்து பார்த்தார். மெஷின் ஓகே. ஃபேன் ஓகே. பாத்ரூம்கூட ஓகே! கிளம்பும்போது வாசல்ல அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்னுட்டார்.

"என்ன மேடம் இது?"

"திருஷ்டிக்கு சார்."

"வரவங்க ஷூ கம்பெனிக்காரங்க மேடம்! அவங்க தலைக்கு மேல பிஞ்ச செருப்பைக் கட்டி வெச்சிருக்கீங்களே!"

நியாயமாத்தான் கேட்டார். இத்தனை வருஷமா தினமும் அது கீழதான் போய் வரேன், எனக்குத் தோணவே இல்ல.

வியாழக்கிழமை காலையில முதல் வேலையா அதைக் கழட்டிக் குப்பையில போட்டேன். பெரிய காரியம் முடிச்ச மாதிரி கையைத் தட்டிக்கிட்டேன்.

ஆனா அஞ்சலையக்காகிட்ட சொல்லல. அங்கதான் கோட்டை விட்டேன்.

அஞ்சலையக்கா எங்க ஷெட்டுல பசை தடவுறவங்க. ஷெட்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து திருஷ்டி டிபார்ட்மென்ட் அவங்க பொறுப்பு. அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்கிறது, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுறது, எல்லாம் அவங்கதான். அந்தச் செருப்பும் அவங்க கட்டினதுதான்.

பதினொரு மணிக்கு ரெண்டு கார் வந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க நாலு பேர். அவங்க பேச்சைத் தமிழ்ல சொல்ல சென்னையில இருந்து ஒரு பொண்ணு. கூடவே நம்ம ஆபீசர்.

தரையிலதான் அட்டை விரிச்சிருப்போம். அதனால செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும். அவங்களும் மரியாதையா ஷூவை வெளிய விட்டுட்டு சாக்ஸோட வந்தாங்க.

நாலு பேர்ல மூத்தவர்தான் முதலாளி. ஒரு பெட்டியை எடுத்தார், தட்டினார், திருப்பினார். திடீர்னு அதுமேல ஏறி நின்னுட்டார்!

பெட்டி நசுங்கல. அவர் சிரிச்சார். ஆபீசர் என்னைப் பார்த்துக் கண்ணாலயே "ஆர்டர் நமக்குத்தான் மேடம்"னார்.

நடுவுல அஞ்சலையக்கா மட்டும் வெளிய போய்ட்டு வந்தாங்க. டீ சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்.

எல்லாரும் வெளிய வந்தோம். முதலாளி குனிஞ்சு பார்த்தார். சுத்திச் சுத்திப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி, "மேடம், சாரோட ஒரு ஷூவைக் காணோமாம்."

ஷூ கம்பெனி முதலாளியோட ஷூவையே தொலைச்ச ஷெட்டு! வேற யாருக்கு வரும் இந்தப் பேரு?

அந்த நேரம் பார்த்து எங்க தெரு நாய் வாயில எதையோ கவ்விக்கினு ஓடுது. நான் யோசிக்கவே இல்ல. புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஓடினேன். கரும்புக் கொல்லையில பூந்து, வரப்புல வழுக்கி, முட்டியில சேறோட அதைப் பிடுங்கிக்கினு வந்து முதலாளி முன்னாடி ரெண்டு கையாலயும் நீட்டினேன்.

காலையில நான் குப்பையில போட்ட அதே பிஞ்ச செருப்பு!

அந்தப் பொண்ணு என் காதோரமா, "இது இல்லன்னு சொல்றார் மேடம்."

ஆபீசர் கண்ணை மூடிக்கிட்டார். முதலாளி மட்டும் மெதுவா அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

கருப்புக் கயித்துல அவரோட ஷூ காத்துல சுத்திக்கினு இருந்துச்சு.

"அக்கா!"ன்னு கத்தினேன்.

அஞ்சலையக்கா நிதானமா வந்தாங்க. "இன்னாம்மா? இத்தினி புதுக் கண்ணு வருது, வாசல் மொட்டையா கெடக்குது! சும்மா வுட முடியுமா? இருக்கிறதுலயே தேஞ்சதா பாத்து ஒண்ண எடுத்துக் கட்டுனேன். டிரைவர் தம்பிதுன்னு நெனச்சேன். மொதலாளி இதப் போட்டுக்கினு வருவாருன்னு யாருக்குத் தெரியும்?"

வெட்கத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒம்பது பேரோட வேலையும் அந்தக் கயித்துல தொங்குற மாதிரி இருந்துச்சு.

பொண்ணு எல்லாத்தையும் அவருக்கு விளக்கிச் சொல்லுச்சு. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அது அவங்க கம்பெனி ஷூதானாம். எத்தனை வருஷம் உழைக்குதுன்னு பார்க்க அவரே போட்டுத் தேய்க்கிறாராம்.

நான் ஏணியைத் தேடினேன். வேணாம்னு கையைக் காட்டினார்.

"கள்ளக்குறிச்சி வெயில் மழையில எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்கணுமாம். அங்கயே இருக்கட்டுமாம்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

ஒரு கால்ல ஷூ, இன்னொரு கால்ல எங்க லோடு ஏத்துற அண்ணனோட நீல ரப்பர் செருப்பு. அப்படியே கார் ஏறிப் போனார்.

இனி அந்தப் பக்கத்துல இருந்து போனே வராதுன்னு நானும் விட்டுட்டேன்.

திங்கக்கிழமை மெயில் வந்துச்சு. முதல்ல சாம்பிளுக்கு ஐந்நூறு பெட்டி! ரெண்டு தடவை படிச்சேன். பெட்டி அளவைக் காணோம். "அளவு அனுப்புங்க"ன்னு எழுதினேன்.

"அளவு உங்க வாசல்லயே தொங்குதே"ன்னு பதில் வந்துச்சு.

டேப்பை எடுத்துக்கினு ஷூவை இறக்கப் போனேன். அஞ்சலையக்கா மறிச்சுட்டாங்க. "ஆர்டர் வந்த நேரத்துல எறக்குவியா? அது பாட்டுக்கு இருக்கட்டும். மேலயே வெச்சு அளந்துக்கோ."

இன்னிக்கு ஒம்பது பேரும் வேலைக்கு வந்துட்டாங்க. எல்லாரும் கீழ இருக்காங்க, முதலாளியம்மா மட்டும் ஏணி மேல.