போதும் என்றால் இன்னொரு சீட்டு

தர்மபுரி மாவட்டத்தில் சீட்டாட்டத்தால் உருப்பட்ட ஒரே மனிதர் இருபத்தொண்ணுதான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் பயன்பட்டது.

பாப்பிரெட்டிப்பட்டியில் நானும் அவரும் ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டினோம். நாற்பதை நெருங்கும் வயது. எதையும் முடிவு செய்ய மட்டும் வராது. அரூர் பஸ் வந்து நின்றால், இதில் ஏறலாமா, அடுத்ததில் ஏறலாமா என்று இவர் யோசித்து முடிப்பதற்குள் அது அரூரையே சேர்ந்திருக்கும். டீயா காபியா என்று கேட்பதையே டீக்கடைக்காரர் நிறுத்திவிட்டு, கைக்கு வந்ததைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

அப்படிப்பட்டவர் கண்ணில், செல்போன் வழியாக ஒரு நாள் பிளாக்ஜாக் பட்டது. ஆட்டம் எளிதுதான். சீட்டுகளைக் கூட்டி இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும், தாண்டினால் அவுட். சீட்டுப் போடுகிறவரின் ஒரு சீட்டு மட்டும் நமக்குத் தெரியும். அதைப் பார்த்து, இன்னொரு சீட்டு கேட்பதா, போதும் என்று நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவையும் யாரோ புண்ணியவான்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு, எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா, நாம யோசிக்கவே வேண்டியதில்லைங்க," என்றார். குரல் தழுதழுத்தது.

காசு வைத்து ஆடும் ஆசை அவருக்கு எள்ளளவும் கிடையாது. புளியங்கொட்டைதான் பந்தயம். ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் இரண்டு கையாகப் பிரித்தும் ஆடலாம்; பல் தேய்க்கும்போதுகூட "ரெண்டு எட்டு வந்தா பிரி, ரெண்டு பத்து வந்தா பிரிக்காதே" என்று மனப்பாடம் நடக்கும். பக்கத்து அறைக்காரர் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்து, தனக்குத் தெரிந்த வக்கீலைச் சிபாரிசு செய்தார்.

பழகுவதற்குச் சீட்டுப் போட ஆள் வேண்டுமே. நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸை நடத்திய மல்லிகா அக்கா, மதியக் கூட்டம் ஓய்ந்ததும் உட்காருவதாக ஒப்புக்கொண்டார். முதல் ஆட்டத்திலேயே வில்லங்கம். கையில் பத்தொன்பது. "போதுங்க," என்றார் இருபத்தொண்ணு. அக்கா இன்னொரு சீட்டைப் போட்டார். அவுட்.

"போதும்னு சொன்னனேங்க?"

"சொன்னீங்க. போதும்னா இன்னொரு கரண்டி போடறதுதானேங்க மரியாதை?"

அடுத்த ஆட்டத்தில் இருபத்தொண்ணு, வீடியோவில் பார்த்தபடி, சீட்டுக்கு மேல் கையைக் குறுக்கே ஆட்டிக் காட்டினார். பந்தியில் இலைக்கு மேல் கையை வைத்து மறைப்பவருக்கு என்ன நடக்குமோ அதுவே நடந்தது. விரலிடுக்கில் ஒரு சீட்டு செருகப்பட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டுக்குக் கீழே ஒரு வாழையிலைத் துண்டு. நிற்பதென்றால் இலையை மடித்துவிடுவார். மடித்த இலையில் பரிமாற அக்காவுக்குக் கை வராது. உலகத்தில் வேறெங்கும் பிளாக்ஜாக் இப்படி ஆடப்பட்டிருக்காது.

"எதிராளிகிட்ட ஆறு தெரிஞ்சா, நம்ம கை சுமாரா இருந்தாலும் நின்னுக்கணும். அவரே கவுந்துருவார். பத்து தெரிஞ்சா, நம்மகிட்ட பதினாறு இருந்தாலும் கேக்கணும்ங்க. எப்படியும் தோக்கத்தான் போறோம். கேட்டுத் தோத்தா கம்மியாத் தோப்போம்," என்று எனக்கு விளக்கினார்.

வினையே இதை வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டதில்தான். அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தால் அது ஆறு. இவர் வாயைத் திறக்க மாட்டார். எரிந்து விழும் நாளில் அது பத்து; நேரே உள்ளே போய் லீவு கேட்பார். தீர்த்தமலைக்குப் போக லீவு கேட்டவரை ஒரு தடவை சித்தேரி மலைக்கு வேலையாக அனுப்பிவிட்டார்கள். "ஏதோ ஒரு மலை கெடச்சுதே," என்று கிளம்பிப் போனார்.

அவருக்கு மல்லிகா அக்கா மேல் ஆசை என்பது மெஸ்ஸில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் தெரியும். அக்காவுக்கும் கல்யாணம் ஆகவில்லை.

"கேக்க வேண்டியதுதானேங்ணா?" என்றேன்.

"எப்படிங்க கேக்கறது? எப்பப் பாத்தாலும் சிரிச்ச மொகம். ஆறுங்க அது. ஆறுக்கு நிக்கணும்."

நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அதற்குள் அவருக்கு நாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று மதியம் கடைசியாகச் சாப்பிடப் போனோம். அக்கா சாம்பார் வாளியை டொம்மென்று இடித்து வைத்தார். சிரிப்பைக் காணோம். "அவ்ளோ தூரம் போறவருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணல பாருங்க," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அவர் இலையில் சோற்றைக் கொட்டினார். இருபத்தொண்ணு முகத்திலோ ஒரே வெளிச்சம்.

"பத்துங்க," என்று என் காதில் சொன்னார். "கேக்கணும்."

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ரசம் கொஞ்சம்," என்றார்.

"ரசம் தீந்துருச்சு. வேற எதாச்சும் கேக்கறதுன்னா கேளுங்க."

"என்னைக் கட்டிக்கிட்டு... எங்கூட நாகப்பட்டினம் வரீங்களா?"

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு, "போதும்," என்றார்.

மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக இலையை மடிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. அக்கா சட்டென்று குனிந்து இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்னுதானே சொன்னேன்? இலைய யாரு மடிக்கச் சொன்னது?"

இப்போது நாகப்பட்டினத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால், கரண்டியோடு இலைக்கு எதிரே நிற்பவர் இருபத்தொண்ணுதான். வயிறு முட்டியபின் நானும் "போதுங்ணா, போதுங்ணா" என்கிறேன். இலையை மடிக்கத்தான் மனசு வருவதில்லை.