மாமனார் தோட்டத்துக்கு வெறும் வயிற்றோடு

புது மாப்பிள்ளைக்குப் பசி எடுக்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வேட்டி அவிழ்ந்தால் கட்டிக்கொள்ளலாம், மாமியார் பெயரை மறந்தால் சமாளித்துவிடலாம். "பசிக்கலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுண்டிப்போகும். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான மறுவாரமே, என் வாழ்க்கையின் மிக முக்கியமான சாப்பாட்டுக்கு முன்னால் நான் பசியில்லாமல் போய் நின்றேன். நின்றேன் என்பதும் பொய்தான், நிற்கிற நிலைமையில் நான் இல்லை.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் மேலதிகாரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் உண்டு. விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிப்பார், மணலில் நடப்பார். வெயில் ஏறியபின் வீட்டுக்குப் போய்க் காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பிடி பிடிப்பார். எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. உப்புக்காற்றில் மிதித்துவிட்டு வந்து, தோசையில் ஆரம்பித்து மீன்குழம்புச் சோற்றில் முடிக்கும்போது, உலகத்தில் என்னைப் போல வாழத் தெரிந்தவன் எவனும் இல்லை என்று தோன்றும். (தூத்துக்குடியில் மேடு என்று ஒன்று கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை.)

பெண் எடுத்தது போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில். என் மனைவி ராசாத்தியின் அப்பாவுக்குக் குரங்கணிக்கு மேலே சின்னதாக ஒரு ஏலக்காய்த் தோட்டம். வருஷத்தில் பாதி நாள் அவர் மலையில்தான். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் பிடிக்கவில்லை. "கடக்கரையில நடந்து பழகின காலு. நாளைக்கு என் மகளப் பார்க்க நான் கீழ இறங்கணுமா, இல்ல இவரு மேல ஏறி வருவாரா?" என்று கேட்டாராம். ராசாத்தி பிடிவாதம் பிடித்ததால்தான் கல்யாணமே நடந்தது. தாலி கட்டிய கையோடு அவர் மலைக்குத் திரும்பிவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கிழம தோட்டத்துக்கு வாங்க மாப்ளே. என் கையால ஆக்கிப் போடுறேன்."

எனக்கு விளங்கிவிட்டது. சொந்தக் காலில் ஏறிப் போய், வயிறு காய்ந்து, அவர் சமையலை அவர் கண்ணெதிரே வழித்துச் சாப்பிட வேண்டும். இதற்காகவே பிறந்தவன் அல்லவா நான்! ராசாத்தியிடம் திட்டத்தை விளக்கினேன். வாடகை சைக்கிளில் குரங்கணி வரை போவது, அங்கிருந்து நடப்பது, அதுவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

அந்தச் "சரிங்க"வுக்கு இன்றுவரை எனக்கு முழு அர்த்தம் தெரியாது.

விடியற்காலை சைக்கிளை எடுக்கும்போதே மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ஆத்தாடி, வெறும் வயித்தோடயா? புது மாப்பிள்ளையப் பட்டினி போட்டு அனுப்புனான்னு ஊரு என்னையத்தான பேசும்!" கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. நாலு பணியாரம்தானே என்று உட்கார்ந்தேன். நாலு என்பது ஒரு தட்டுக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

ராசாத்தியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு தெருமுனை தாண்டவில்லை, அவள் சித்தப்பா சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். "அங்க கை நனைச்சிட்டு இங்க நனைக்காமப் போனா, எங்கள ஒதுக்குனதா ஆயிரும் மாப்ளே." அங்கே இட்லியும் கறிக்குழம்பும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வீட்டில் மறுக்கக் கூடாது. மறுத்தால் சாப்பிட்ட வீட்டுக்கும் சாப்பிடாத வீட்டுக்கும் சண்டை. முதல் பணியாரத்தை வாயில் வைத்த நிமிஷமே நான் மாட்டிக்கொண்டேன் என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.

போடிக்குள் நுழைந்தால் பெரியத்தை வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஒரு மாமா, ரோட்டை மறித்து நின்று ஒரு சொம்பு பருத்திப்பால் கொடுத்தார். முந்தல் பக்கம் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் கேப்பைக் களி. போடியில் ஆரம்பித்து மலையடிவாரம் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் என் மனைவியின் சொந்தக்காரர்களைத்தான் நட்டு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ராசாத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "எனக்குப் போதும்த்தே. அவுகளுக்கு வைங்க, அவுகளுக்கு இதுன்னா உசுரு" என்பாள். உடனே கரண்டி என் பக்கம் திரும்பும்.

ஆனாலும் அந்த மனுஷர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. யாரென்றே தெரியாத ஒருவனை, தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் என்ற ஒரே காரணத்துக்காக, நெற்றி வேர்க்க ஓடி ஓடிக் கவனித்தார்கள். முந்தல் அண்ணன் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து களி கிண்டிப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார். அப்படிப்பட்ட தட்டை எப்படித் தள்ளுவது?

குரங்கணி ஏற்றத்தில் சைக்கிளை நான் மிதித்ததைவிட அது என்னை இழுத்துப் பிடித்ததுதான் அதிகம். இறங்கித் தள்ளினேன். கொஞ்ச தூரத்தில் அதையும் ராசாத்தியே வாங்கித் தள்ளினாள். குரங்கணியில் சைக்கிளை ஒரு வீட்டில் விட்டோம் (அங்கேயும் பலகாரம், எழுதினாலே நெஞ்சு கரிக்கிறது). நடை ஆரம்பமானது.

ராசாத்தி மலையேறுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவுக்கு அம்மா கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவிப் போனாள். மூச்சு வாங்கவில்லை. காப்பிச் செடிகளுக்கு இடையில் மேகம் இறங்கியிருந்தது. அதற்குள் போய் மறைவாள், பேசிக்கொண்டே வெளியே வருவாள். கல்யாணப் பந்தலில்கூட அவள் அவ்வளவு அழகாக இல்லை. இவளை எனக்குக் கொடுத்துவிட்டார்களே என்று மலைத்துப்போனேன்.

பாதி ஏற்றத்தில் என் வயிறு இனி முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு பாறையில் மல்லாந்து படுத்தேன். எழுந்தால் வாந்தி வந்தது, உட்கார்ந்தால் கண் இருட்டியது.

"ஏங்க, இன்னும் கொஞ்சந்தாங்க" என்றாள் ராசாத்தி.

"நீ போ. நான் இங்கேயே குடித்தனம் பண்ணிக்கிறேன்."

அப்போதுதான் கீழிருந்து மணிச் சத்தம் கேட்டது. மலைக்குச் சாமான் ஏற்றிப் போகிற ஒருவர், தோட்டங்களுக்கு உப்பும் அரிசியும் சுமந்த கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ராசாத்தியும் அவரும் ஏதோ பேசினார்கள். ஒரு கழுதையின் மூட்டை அடுத்த கழுதைக்கு மாறியது. நான் "வேண்டாம், வேண்டாம்" என்று சொன்னது நினைவிருக்கிறது. யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஆக, மாமனார் தோட்டத்துக்குள் நான் நுழைந்தது கழுதை மேல். பட்டு வேட்டி கட்டியிருந்தேன். அவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். உப்பு மூட்டையைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏப்பா," என்றார் கழுதைக்காரரிடம், "உப்பு கேட்டேன், அரிசி கேட்டேன். இந்த மூணாவது மூட்டைய யாரு கேட்டா?"

தோட்டத்தில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு செடிக்குள் குனிந்தார்கள். எனக்கு அந்த மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடலாம் என்றிருந்தது. அவர் இலை போட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு, சுடுசோறு. வாசனையே ஆளைத் தூக்கியது. ஒரு கவளத்தை எடுத்து வாய்வரை கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

"மாமா, என்னால முடியல" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொண்ணையே திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

"ஏன், வழியில எங்க சாப்பிட்டீக?"

ராசாத்தி ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்கக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சித்தப்பன் வீட்டுலயுமா? பெரியத்த வீட்டுலயுமா? ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே. ஒரு வீட்டுலகூட மாட்டேன்னு சொல்லலையா?"

"எப்படி மாமா சொல்றது? பாவம், ஆசையா வச்சாங்க."

அவர் என் இலையை எடுத்து ராசாத்தி பக்கம் நகர்த்தினார். "மலை ஏறுறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். அதுக்குக் கழுதையே போதும். எங்க சனத்துல ஒருத்தர் மனசுகூட நோகாம அம்புட்டையும் தின்னுட்டு வந்தீகளே, அது யாருக்கு வரும்? படுங்க மாப்ளே, படுத்து எந்திரிங்க." தன் மடித்த கம்பளியைத் தலைக்கு வைத்துவிட்டுப் போனார்.

ராசாத்தி இரண்டு இலையையும் காலி செய்தாள். அப்பா சமையல் அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்று, காலையிலிருந்து அவள்தான் வயிற்றைக் காயப்போட்டிருந்தாள். சைக்கிள், நடை, கடைசியில் ஒரு பிடி: என் திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றியவள் அவள் மட்டுமே.

சமீபத்தில் எங்கள் மகளைக் கட்டிய பையன் முதல் முறையாகச் சிலமலைக்கு வந்திருந்தான். காலையில் பளபளக்கும் புது ஷூவை மாட்டிக்கொண்டு, "டிபன் அப்புறம் சாப்பிடுறேன் அத்தை. வெறும் வயித்துல ஒரு நடை போய்ட்டு வர்றேன்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பணியாரத் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"தாராளமாப் போய்ட்டு வாங்க மாப்ளே," என்றாள். "கழுதைக்கு மட்டும் இப்பவே சொல்லி வச்சிர்றேன்."