மரிசெல் அக்காவின் கன்னத்தில் என் பொட்டு

கவலைப்படுவதில் என்னை யாரும் வெல்ல முடியாது. ஒரே குறை, எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிடுவேன்.

2011இல் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழ்வீட்டில் மரிசெல் அக்கா இருந்தார். மணிலாவில் சின்ன வயதிலேயே மேடையேறிப் பாடியவர். பிறகு கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் பாடினார். சிட்னி நாடகங்களில் அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தால் நடிப்பதற்காக, முழுப் பாட்டையும் பாடமாக்கி வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். (ஒருத்திக்கும் காய்ச்சல் வரவில்லை. எல்லாரும் கல்லுமாதிரி.)

நாற்பது வயதில்தான் பரமட்டாவில் ஒரு சிறிய இசைநாடகத்தில் அவரே கதாநாயகி ஆனார். முதல் நாள் ஒரு பெரிய நாடகக் கம்பனியிலிருந்து ஆள் வருகிறது, இதை விட்டால் எனக்கு இன்னொன்று வராது என்று சொன்னார்.

கைக்குழந்தையை அணைத்தபடி, கடலுக்குப் போகும் கணவனை அவர் பாடி வழியனுப்ப வேண்டும். பொம்மையைச் சனம் நம்பாது என்றாராம் இயக்குநர். அதனால் அக்கா என் மகன் அகரனைக் கேட்டார். அவனுக்கு அப்போது ஏழு மாதம். மாட்டேன் என்று சொல்ல நினைத்து, சம்மதித்துவிட்டேன்.

அன்றிலிருந்து நித்திரை இல்லை. அழுவானோ? பால் கக்குவானோ? பம்பர்ஸ் மணக்குமோ? எல்லாவற்றையும் கேட்ட என் கணவர் சொன்னார்:

"அவன் ஒண்டும் செய்ய மாட்டான். நீர் சும்மா இருந்தால் காணும்."

சும்மா இருந்திருக்கலாம்.

முதல் நாள் பாலூட்டி, முதுகைத் தட்டி ஏவறை எடுத்து, நித்திரையாக்கிப் பக்கத்திரைக்குப் பின்னால் நின்றேன். எட்டிப் பார்த்தால் மண்டபம் நிறையச் சனம். அத்தனை கண்ணும் என் பிள்ளையில் அல்லவா விழப்போகிறது? நாவூறு பட்டால்? பையிலிருந்து கறுப்புச் சாந்தை எடுத்துக் கன்னத்தில் வழக்கமான பொட்டை வைத்தேன். இந்தச் சனத்துக்கு இது காணாது என்று தோன்றவே, அதன்மேல் பெருவிரலால் இன்னொன்று. (ஐம்பது சத நாணயக் குற்றி அளவு. இந்த நாட்டில் அதைவிடப் பெரிய குற்றி இல்லை.) அது காயுமுன்பே மரிசெல் அக்கா இருட்டில் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

அகரன் அழவில்லை. கக்கவில்லை. அக்காவின் முதுகைப் பார்த்தபடி நின்ற எனக்கு நிம்மதியில் கண் கலங்கியது. அப்போதுதான் சபையில் சிரிப்புக் கேட்டது. நாடகத்திலேயே மிகச் சோகமான இடம் அது.

அக்கா திரும்பினார். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடியதில் பாதி முகம் கறுப்பு. அவரை முத்தமிட்ட கணவனின் மூக்குக் கறுப்பு. வெள்ளைக் கவுனின் கழுத்தும் கறுப்பு. அகரன் மட்டும் குளித்துவிட்டு வந்தவன்போல் இருந்தான்.

இத்தனை வருடம் காத்திருந்தவரின் வாழ்க்கையை ஒரு பெருவிரலால் அழித்துவிட்டேன். பிள்ளையைத் துடைக்கும் ஈரத்தாள் பைக்கற்றோடு ஒரு காலை மேடையில் வைத்தேவிட்டேன். பின்னால் நின்ற மேடை உதவியாளர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் எனக்கும் அன்று அரங்கேற்றம்தான்.

அக்கா கன்னத்தைத் தடவி, விரலைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியும். படிக்கட்டில் தினமும் அகரனின் கன்னத்தில் காண்பதுதான். எதற்கு என்றும் ஒருநாள் கேட்டிருந்தார். பாட்டை நிறுத்தாமல், தன் கன்னத்திலிருந்து தொட்டு, கடலுக்குப் புறப்பட்ட கணவனின் கன்னத்தில் மெதுவாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு பிள்ளைக்கு ஒன்று. சிரிப்பு அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நாடகம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போய், அழுகையைத் தவிர ஒன்றும் வரவில்லை. அக்காதான் என் முகத்தைத் துடைத்துவிட்டார். (அவர் கையிலும் கறுப்பு.) அந்தப் பொட்டு யாருடைய யோசனை என்று பெரிய கம்பனிக்காரர் கேட்டாராம். தன்னுடையது என்றாராம் இயக்குநர்.

அடுத்த வருடம் அந்தக் கம்பனியில் அக்காவுக்கு நல்ல வேடம் கிடைத்தது. அதிலிருந்து எந்த நாடகமானாலும் முதல் நாள் எங்கள் படியேறி வந்து காதைக் காட்டுவார். காதுக்குப் பின்னால் பட்டாணியளவு வைத்து, காயும்வரை ஊதிவிட்டுத்தான் அனுப்புவேன்.

அகரன் இப்போது என்னைவிட உயரம். அவன் எங்கே புறப்பட்டாலும் நான் வாசலுக்குப் போனால் போதும், உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுப்பார்:

"தம்பி, அம்மா கன்னத்தைத் தொட்டவவோ? கண்ணாடியைப் பார்த்திட்டுப் போ."