கீரை மேல் விழுந்த பழி

ஆய்வுக்கூடத்தில் இலைகளோடு மல்லுக்கட்டும் அன்பு மகள் வாலுவுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். இலையில் வெளிச்சம் அடித்து அதன் நலம் பார்க்க நீ அனுப்பிய கருவியைத்தான் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன்.

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். மீட்டர் பொய் சொல்லுது என்று கத்தாத வீடு கிடையாது, ஒருத்தரையும் நான் நம்பியதில்லை. இப்போது நானே கத்தினேன். நீ சொன்னபடி முதலில் வெள்ளைத் தட்டில் வெளிச்சம் அடித்து அளவு சரிபார்த்து, அப்புறம் தோட்டத்துக் கீரையில் அடித்தேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை நல்ல இலை திருப்பி அனுப்பும், கோடு மலை மாதிரி ஏறும் என்றாயே, போன் திரையில் அது படுத்தே கிடந்தது. நீயும் "சித்தப்பா, மண்ணுல ஈயம் இருக்கும் போல, கீரையத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்ட. கீரையோ பளபளவென்று நிற்கிறது! அப்புறம் பார்த்தால், அந்த வெள்ளைத் தட்டை உன் சித்தி ரெண்டு நாளாகக் காபி டம்ளருக்கு மூடியாக்கியிருக்கிறாள். "அளவெடுத்த மாதிரி மூடுச்சுங்க"ங்கிறா. தட்டுதான் குற்றவாளி என்று குழாயடியில் தேய்த்துக் கழுவி மறுபடி அடித்தேன். அதே கோடு. வேலியோரம் அடித்தேன், சுவரோரம் அடித்தேன், அதே கோடு. அத்தனை இலையும் சிரித்த முகத்தோடு எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது. பயந்துட்டேன், உன்கிட்ட சொல்றதுக்கு என்ன.

மருமகளுக்கு இது ஆறாம் மாசம். தினமும் அந்தக் கீரையைத்தான் ஆக்கிப் போட்டோம். ஒரு செடி விடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டேன். இப்போது கடைக் கீரைதான். டாக்டர் சொன்னபடி குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஜக்கு ஜக்காகக் குடிக்கிறாள். இனி ஒரு கவலையும் இல்லை.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் அன்பு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு.

இப்படிக்கு,
கடைசியில் மீட்டரை நம்பிவிட்ட
சித்தப்பா

பி.கு.: கருவியைப் பெட்டியில் வைக்கும் முன், சமையலறை ஜன்னலில் சித்தி கண்ணாடி பாட்டிலில் வளர்க்கும் கொடி மீது சும்மா ஒருதரம் அடித்தேன். அதே கோடு. அந்தக் கொடிக்கு மண்ணே கிடையாதும்மா. கீரைக்கு ஊற்றிய அதே குழாய்த் தண்ணீர்தான். காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஈயம் போகாதே. கருவியை இப்போது அனுப்பவில்லை. கவலை இல்லை என்று எழுதியதையும் அடித்துவிடு. மருமகள் கையிலிருந்து ஜக்கைப் பிடுங்கிவிட்டேன். "என்ன மாமா, பாதிதானே குடிச்சேன்?" என்கிறாள்.