ஆம்பிளைகளின் தேங்காய்ப் போட்டி

சுதந்திர தினத்துக்கு முதல்நாள் காலையில் பஸ்தியாம்பிள்ளை ஓடாவி, கலியாணம் முடித்த நாளிலிருந்து முதன்முறையாகப் பெண்சாதியிடம் "மாட்டன்" என்று சொன்னார்.

செட்டிபாளையத்தில் தோணி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டுக்குள் அவரை மிஞ்சாத ஆளில்லை. அவர் விரட்டினால் கோழிகூடத் திரும்பி நின்று முறைக்கும்.

விஷயம் இதுதான். கொடியேற்றத்துக்கு வரும் சனம் முழுவதற்கும் பாற்சோறு ஆக்கித் தருவதாக மாதர் சங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது. சங்கத்தின் தலைவி புஸ்பம். அதாவது, பஸ்தியாம்பிள்ளையின் தலைவியும் அவள்தான்.

"இஞ்சேருங்க, முத்தத்தில தேங்காய் கிடக்கு. நாளைக்கு விடியக்காலமே துருவித் தரணும்."

"மலையாட்டம் கிடக்கே புள்ள! ஒருத்தன் துருவி முடிக்கிற வேலையா இது?"

"பொம்பிளை துருவினா வேலை இல்ல, நீங்க துருவினா மட்டும் வேலையா?"

"வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தின வருசம்! நாட்டுக்கே விடுதலை கிடைச்சிட்டு. எனக்கு எப்ப? நாளைக்குத் தோணி ஓட்டம். அடுத்த வீட்டு யோசேப்ப நான் முந்தியே ஆகணும். துருவலையில குந்த எனக்கு ஏலா. மாட்டன்!"

புஸ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி."

சரியா? பஸ்தியாம்பிள்ளை காதைக் குடைந்துகொண்டார். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பார். அகப்பையைத் தூக்கியிருந்தால் ஓடியிருப்பார். "சரி" என்றால் என்ன செய்வது? அதில் அவருக்குப் பழக்கமே இல்லை.

பின்னேரம் வாவிக்கரையில் தோணிக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தபோது உசனார் வந்தார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சீலை கொண்டுவந்து விற்பவர். தொண்டை பெரிது என்பதால் நாளைய போட்டிகளை அறிவிக்கும் பொறுப்பும் அவருக்குத்தான்.

"ஓடாவியார், நீங்க பயந்து ஒதுங்கிட்டீங்களாமே?"

"பயமா? எதுக்கு?"

"ஆம்பிளைகளுக்குத் தேங்காய் துருவுற போட்டி. இந்த வருசம் புதுசு. வெல்றவருக்கு இடுப்பில உடுக்க நான் ஒரு புதுச் சாரம் குடுப்பன். யோசேப்பு சொல்றாரு, உளி பிடிச்சிப் பிடிச்சி உங்கட கை உளுத்துப் போச்சாம்."

துருவ மாட்டேன் என்றவர் உசனாரைத் துருவித் துருவிக் கேட்டார். எத்தனை மணிக்கு? "கொடியேத்த முதல். வெயில் ஏறினா தேங்காய் புளிச்சிடும்." புஸ்பத்துக்குத் தெரியுமா? "அவவுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?" என்று உசனார் குனிந்து சைக்கிள் மணியைத் துடைத்தார்.

"அப்ப என்ட பேரையும் போடுங்க. வீட்டில மட்டும் சொல்லிப்போடாதீங்க."

விடிந்தது. பள்ளிக்கூட வளவில் வரிசையாகத் துருவலைகள். ஒவ்வொன்றிலும் மீசை முறுக்கிய ஓர் ஆம்பிளை. பஸ்தியாம்பிள்ளைக்குப் பக்கத்தில் யோசேப்பு.

விசில் ஊதியது. பஸ்தியாம்பிள்ளை தேங்காயைத் துருவவில்லை, கொலை செய்தார். "ஓடாவியார் முந்துறாரு! யோசேப்பு விடுறாரில்ல!" என்று உசனார் போட்ட சத்தத்தில் வாவியில் நின்ற கொக்குகள் கிளம்பிவிட்டன. நிறைந்த தட்டுகளைப் பெண்கள் உடனுக்குடன் தூக்கிக்கொண்டு போனார்கள். "மண் விழுந்திடும்," என்றாள் யோசேப்பின் பெண்சாதி பீற்றிஸ். என்ன நல்ல மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வென்றார். சாரத்தைத் தோளில் போட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பியவர், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் புகை எழும்புவதைக் கண்டார். அடுப்பில் மூன்று பெரிய கிடாரங்களில் பாற்சோறு கொதித்தது. நடுவில் அகப்பையோடு புஸ்பம்.

"இந்தப் போட்டிய வைச்சது நீயா?"

"நான் எங்க? மாதர் சங்கம்."

"அதுக்குத் தலைவி நீதானே!"

"ஒருத்தன் முடிக்கிற வேலை இல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க? அதான் ஊரில உள்ள எல்லாரையும் பிடிச்சன்."

தோணி ஓட்டத்தில் துடுப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. யோசேப்புக்கும் அதே கதி. இருவருடைய தோணிகளும் வாவி நடுவில் ஒன்றையொன்று பார்த்துச் சுற்றிக்கொண்டு நிற்க, களுவாஞ்சிகுடிப் பொடியன்கள் வெற்றிக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. புஸ்பமே பாற்சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். கோபமாகத்தான் மென்றார். ஆனால் சோறு ருசியாக இருந்தது.

"பூப்போல துருவியிருக்கீங்க எண்டு எல்லாருக்கும் புழுகமும் சந்தோசமும். உயிர்த்த ஞாயிறு முடிய பீற்றிஸ்ட தங்கச்சிக்குக் கலியாணமாம். தேங்காய்க்கு உங்களத்தான் கேட்டா. நானும் ஓம் எண்டிட்டன்."

பஸ்தியாம்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தார். புஸ்பம் அடுத்த பிடியை உள்ளே வைத்தாள்.