பெட்டியில் ஏறாத சூரியன்

ரமணி ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். ஞாயிறு விடியற்காலை நிபோங் திபாலில் மச்சினன் தனேஷின் புதுமனைப் புகுவிழா. மச்சினன் வீட்டு விசேஷம் என்றால் ரமணிக்கு நாற்காலி அடுக்கும் உத்தியோகம். இந்த முறை முதுகுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையே மனைவி தனலெட்சுமியைக் காடியில் ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவில் ஒரு பழத்தோட்டத்தில் கூடாரம் போட்டாயிற்று. கூடவே புதிதாக வாங்கிய பேட்டரிப் பெட்டி, அதற்குத் தீனி போட மடக்கு சோலார் பலகை.

தனலெட்சுமி சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்.

“அஞ்சு மணிக்குள்ள பெட்டி ஃபுல்லா சார்ஜ் ஏறணும். ஏறலன்னா கூடாரத்தச் சுருட்டிட்டு தம்பி வீட்டுக்குக் கெளம்பிறணும்.”

“சூரியன் இருக்கு, என்ன பயம் லா!” என்றார் ரமணி.

சூரியன் இருந்தது. பெட்டிதான் ஏறவில்லை. பதினொரு மணிக்குத் திரையில் உள்ளே வருவது நான்கு வாட். அதில் ஒரு கொசுகூடக் குளிர்காயாது.

வயரைப் பிடுங்கிச் செருகினார். பலகையை ரம்புத்தான் மரநிழலிலிருந்து வெட்டவெளிக்கு இழுத்தார். அடியில் தன் செருப்பை முட்டுக்கொடுத்துச் சூரியனுக்கு நேராகச் சாய்த்தார். நான்கு ஐந்தானது, வெட்கப்பட்டு மறுபடி நான்கானது.

“என்னங்க, மேகமா?”

“மேகமே இல்ல.”

“வயரா?”

“வயர் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப ஆள்தான் சரியில்ல.”

“நீ எதுக்குச் சட்டியெல்லாம் எடுத்து வைக்கிற?”

“சும்மாதான். அஞ்சு மணிக்கு அவசரப்படக் கூடாதுல்ல.”

ரமணி போனை எடுத்தார். பெட்டி விற்ற கடைக்காரர் ஹாஃபிஸை அழைத்தார்.

“அண்ணே, பலகைய ஏதாச்சும் மறைக்குதா? ஒரு மூல மறைஞ்சாலும் மொத்தமும் படுத்துரும்.”

“ஒரு இலைகூட இல்ல தம்பி!”

“போட்டோ அனுப்புங்கண்ணே.”

அனுப்பினார்.

“அண்ணே... அது என்னண்ணே, வெள்ளையா மூணு மூணு கோடு?”

ரமணி அப்போதுதான் பார்த்தார். அவர் வீட்டுக் காடி, ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாமே பூசை கண்டவை. பொட்டில்லாத பொருள்தான் அவர் கண்ணை உறுத்தும். போன வெள்ளிக்கிழமை தன் கையாலேயே குழைத்து, பலகையின் நான்கு மடிப்புக்கும் குறை வைக்காமல் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து ஓடாகியிருந்தது.

“ஒனக்குத் தெரியுமா இது?” என்று மனைவியிடம் திரும்பினார்.

“காலையிலயே தெரியும். சாமி காரியம், அழிங்கன்னு நான் எப்படிச் சொல்றது?”

முருகனிடம் மன்னிப்புக் கேட்டபடியே ஈரத்துணியால் துடைத்தார். நான்கு வாட் தொண்ணூறானது. நாலரைக்குப் பெட்டி நூறு விழுக்காடு. ரமணி இடுப்பில் கைவைத்து எதிரே நின்ற மலையைப் பார்த்தார். மலையையே அவர்தான் சார்ஜ் போட்டு நிறுத்தியதுபோல் ஒரு பார்வை.

பின்னால் தனலெட்சுமி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“தனேஷ், கவலைய விடு. ஒங்க வீட்டுக்கு கரண்டு மீட்டர் திங்கக்கெழமதானே வருது? மச்சான் பெட்டிய ஃபுல்லா ஏத்திட்டாரு. பூசைக்கு லைட்டு, மைக்கு எல்லாத்துக்கும் போதும். ஆறரைக்கு அங்க இருப்போம்.”

“தனம்! ஏறிருச்சே! ஏறலன்னாதானே போகணும்?”

“ஏறலன்னா போகணும்னு சொன்னேன். ஏறினா போகமாட்டோம்னு எப்பங்க சொன்னேன்?”

“அப்ப ஏறாம இருந்திருந்தா?”

“நீங்க மெழுகுவத்தி புடிச்சிட்டு நின்னிருப்பீங்க.”

ஐந்து மணிக்குக் காடியை எடுத்தது தனலெட்சுமி. முன்சீட்டில், பெல்ட் மாட்டி, பெட்டி. பின்சீட்டில், கூடாரத்துக்கும் சட்டிக்கும் நடுவில், பெல்ட் எட்டாமல், ரமணி.