குல்லா போட்ட தையல்காரர்

என் வீட்டுக்காரர் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சபதம் எடுத்தார். "நான் தையல்காரன். எனக்கு ஒரு மிஷின் போதும். காதுக்கு வேற தனியா மிஷின் வைக்க மாட்டேன்."

சபதத்துக்குக் காரணமும் தயாராக இருந்தது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்க எல்லாரும்தான் முணுமுணுக்கிறீங்க."

எல்லாரும் என்றால் நான், பிள்ளைகள் இரண்டு பேர், மாடிவீட்டு டீச்சர், கடைக்கு வருகிற பாதி ஊர். நாங்கள் அத்தனை பேரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, ஒரே நாளில் முணுமுணுக்க ஆரம்பித்தோம் என்பது அவர் கணக்கு.

"ஏங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்க. அதுக்கு வெக்கப்பட்டீங்களா?"

"என்ன?"

"கண்ணுக்குக் கண்ணாடி."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

இந்த 'ஒண்ணுமில்ல'தான் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சுக்கும் கடைசித் தையல். அதோடு நூலை அறுத்துவிடுவோம்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் சமையலறை, அதன் மூலையில் நான் கும்பிடுகிற சின்ன அலமாரி. கல்யாணமான புதிதில் நான் திரைக்கு அந்தப் பக்கம்தான் கிடப்பேன். அவர் மிஷின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, பட்டன் கட்டிக்கொண்டே பேசுவேன். என்ன பேசுவேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் மிதிப்பார், நான் பேசுவேன். பேச்சு ருசித்தால் மிதிப்பதை நிறுத்திவிடுவார். மிஷின் நின்றால் எனக்குப் பெருமை. சாயங்காலத்துக்குள் சட்டை முடியாது.

அவருக்குக் காது மங்கிய பிறகு பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். கத்திச் சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னேன். சாப்பாடு ரெடி. கேஸ் வந்துடுச்சு. சின்ன விஷயத்தை எப்படிக் கத்துவது? மத்தியானம் ஜன்னல் கம்பியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து, கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது என்பதைக் கத்திச் சொன்னால், அக்கம்பக்கத்தில் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடி வருவார்கள்.

அதனால் எல்லாவற்றையும் கடவுளிடம் சொல்ல ஆரம்பித்தேன். வாய்விட்டுத்தான் சொல்வேன். பக்கத்து அறையில் இருப்பவருக்கோ கேட்காது. கடவுளிடம் ஒரு நல்ல குணம், "என்ன?" என்று திருப்பிக் கேட்க மாட்டார். ஒரு குறையும் உண்டு. பதிலும் சொல்ல மாட்டார்.

இந்தக் கோடையில் அவர் திடீரென்று ஒரு கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டார். காதுவரை இழுத்துவிட்ட குல்லா.

"ஏங்க, வேர்த்து ஊத்துது. குல்லா எதுக்கு?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கத்தினேன்.

"காத்து அடிக்குது," என்றார். இலைகூட அசையவில்லை.

அதே வாரம் இன்னொரு அதிசயமும் நடந்தது. நான் அலமாரி முன்னால் கண்ணை மூடி "கடவுளே" என்றதும், திரைக்கு அந்தப் பக்கம் மிஷின் நிற்கும். நான் கும்பிட்டு எழுந்ததும் ஓடும். இவருக்குப் பக்தி வந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கியது. கண்ணை மூடினால் இவருக்குத் தெரிந்துவிடுகிறதே, என்ன ஒரு பந்தம் என்று புல்லரித்தது.

பிறகு வேண்டுதல்கள் பலிக்க ஆரம்பித்தன.

"கடவுளே, அந்தக் குழாய் ஆறு மாசமா அழுதுட்டிருக்கு, என்னை மாதிரி," என்றேன் காலையில். சாயங்காலம் குழாய் அழுகையை நிறுத்திவிட்டது. "கடவுளே, அந்த ஓட்டை பனியனைப் பார்த்தா எனக்கே குளிருது," என்றேன். மறுநாள் பனியன் மிஷின் துடைக்கிற துணியாகிவிட்டது.

மாடிவீட்டு டீச்சரிடம் சொன்னேன்.

"டீச்சர், இப்பல்லாம் என் வேண்டுதலுக்கு அன்னிக்கே பதில் வருது."

"அப்படி எந்தப் பாட்டு சொல்றீங்க?"

"பாட்டெல்லாம் இல்ல டீச்சர். வெறும் புலம்பல்தான்."

"எனக்கும் சேர்த்துப் புலம்புங்க. மூணு வருஷமா என் வீட்டுக்காரர் பரண் ஏறல."

பத்து நாள் கழித்து அவருக்குச் சோறு போடும்போது ஒரு விசில் கேட்டது. மெல்லிசாக, கீ என்று. அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. குழாயைத் திருகினேன். போனை எடுத்து உதறினேன். நிற்கவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றக் குனிந்தேன். விசில் அவர் தலைக்குள்ளிருந்து வந்தது.

கரண்டியை வைத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா தலை விசில் அடிக்குதுடி."

அவள் சிரித்துவிட்டாள். "அம்மா, நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தாரே, அப்பதான் டெஸ்ட் பண்ணி, ரெண்டு காதுக்கும் மிஷின் வாங்கினோம். மேல எதையாவது போட்டு மூடினா அது விசில் அடிக்கும். அந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் மட்டும் அவருக்கு இன்னும் சரியா கேக்காதாம்."

"என்கிட்ட எதுக்குடி மறைக்கணும்?"

"அதை அவர்கிட்டயே கேளு. இன்னொண்ணும்மா. டெஸ்ட் பண்ணின அம்மா சொன்னாங்க, மிஷின் வெச்சா மட்டும் போதாதாம். கத்தக் கூடாதாம். நேர்ல வந்து, வெளிச்சத்துல முகம் தெரியற மாதிரி நின்னு, நிதானமா பேசணுமாம். நீ எப்பவும் அடுப்பைப் பார்த்துக்கிட்டே கத்துவே."

அது உண்மைதான். எட்டு வருஷமாக அவரோடு என் முதுகுதான் பேசியிருக்கிறது.

உடனே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடவுள் மன்னிக்கட்டும், எனக்குக் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. மறுநாள் கண்ணை மூடினேன். மிஷின் நின்றது.

"கடவுளே, நான் போறதுக்குள்ள அந்தப் பரணை யாராவது சுத்தம் பண்ணுவாங்களா?"

மத்தியானம் பரணிலிருந்து தும்மல் கேட்டது. அடுத்த நாள் ஃபேன் துடைத்தார். அதற்கடுத்த நாள் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தார். குல்லாவோடுதான். வேர்வை தாடியில் சொட்டியது. "கடவுளே, தாடி," என்றேன். போய்விட்டது. டீச்சர் வீட்டுப் பரணையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அதற்கு மட்டும் பலனில்லை.

ஆனால் பரண் சுத்தமாகச் சுத்தமாக என் மனசு கனத்தது. வீடு பளபளத்தது. முக்காலி காலியாகவே கிடந்தது. கேட்கிறவர் எட்டடி தூரத்தில் இருக்கிறார், நான் சுவரிடம் பேசுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் கண்ணை மூடினேன். மிஷின் நின்றது. அலமாரிக்குக் கதவு போடச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"கடவுளே, எனக்கு இனிமே எதுவும் ரிப்பேர் பண்ண வேண்டாம். அந்த முக்காலியில ஒரு நாள் உக்காரணும். அவர் மிதிக்கிறதை நிறுத்தணும். அவ்வளவுதான்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கீ என்று ஒரு விசில், கிட்டே வந்தது. கண்ணைத் திறந்தேன். திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குல்லாவைக் கழற்றி முக்காலி மேல் எறிந்தார். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. விசில் நின்றது.

"இன்னிக்குத்தான் வாங்கினேன்," என்றார்.

"அப்படியா. இத்தனை நாளா விசில் அடிச்சது யார் தலை?"

"எந்த விசில்?"

முக்காலி மேல் கிடந்த குல்லாவைக் காட்டினேன். அவர் முகம் மெதுவாக மாறியது.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"பனியனுக்குப் பின்னாடி. பரணுக்கு முன்னாடி."

"அப்போ ஃபேன், ஜன்னல், தாடி எல்லாம்?"

"வேண்டுதல்."

தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏங்க, என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க? சபதம் தோத்துடும்னா?"

"அதுவும்தான்," என்றார். அப்புறம் நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "வீட்டுல எல்லாரும் சிரிப்பீங்க. என்னன்னு கேப்பேன். ஒண்ணுமில்லப்பான்னு சொல்லுவாங்க பிள்ளைங்க. நீயும் அதேதான். எட்டு வருஷம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மிஷின் வெச்சிருக்கேன்னு சொன்னா நீ பார்த்துப் பார்த்துப் பேசுவே. அந்த ஒண்ணுமில்ல எல்லாம் என்னன்னு ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு."

தனியாக இருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். துணிக்கு உள்பக்கமும் உண்டு என்று ஒரு தையல்காரர் பெண்டாட்டிக்கே மறந்துபோனதே.

அவர் மிஷினுக்குத் திரும்பினார், நான் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். அதை அவருக்கு நேர் எதிரே, வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப சொல்லு," என்றார்.

எட்டு வருஷம் சேர்த்து வைத்தது. ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"அதைத்தான் சொல்லச் சொல்றேன்."

குருவியைச் சொன்னேன், கத்தாமல். அது முதுகைக் காட்டியதைச் சொன்னேன். அவர் கால் மிதியிலிருந்து இறங்கிவிட்டது. விளக்குப் போடுகிற நேரம்வரை பேசினேன்.

"ஏங்க, நல்லா கேக்குதா?"

"முத்து முத்தா கேக்குது."

"அப்போ அந்தப் பின்பக்கக் கதவு தரையில உரசுறதும் கேக்குதில்ல?"

அவர் கை மெல்ல மேஜைமேல் எதையோ தேடியது.

"என் குல்லா எங்கே?"

"என்ன?" என்றேன், அதன் மேல் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்துகொண்டு.